படகின் வால்

கயல்விழியின் அப்பா நெடுமாறனுக்கு எதை வாங்கினாலும் மாடு வாங்குவது போல வாங்கித்தான் பழக்கம்.

வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது கடைக்குள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். விலாவில் தட்டிப் பார்த்தார். "ராத்திரியில கத்துமா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். கயலுக்குப் பழைய சைக்கிள் வாங்கியபோது இன்னும் மோசம். பணத்தைக் கொடுத்த கையோடு, சைக்கிளில் தொங்கிய சங்கிலியையும் பூட்டையும் கழற்றி விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏம்ப்பா பூட்டைக் கொடுத்தீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் கயல்.

"மாட்டை விக்கிறவங்க கயித்தை விக்க மாட்டாங்க கயலு. கட்டி வெச்ச கயிறு அவங்க வீட்டுலயே இருக்கணும். அதையும் கொடுத்துட்டா வீட்டு லட்சுமியும் மாட்டோட கிளம்பிப் போயிடும்னு சொல்லுவாங்க. வாங்குறவங்கதான் புதுக் கயிறு கொண்டு போகணும்."

"சைக்கிளுக்கு ஏதுப்பா கயிறு?"

"அதான் பூட்டு!"

இதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? அவர்கள் வளர்த்த செவலைக் காளையை விற்றபோதும் அப்படித்தான் செய்தார். செவலை போய்விட்டது. அதை முளையில் கட்டிய கயிறு மட்டும் கொட்டகை ஆணியில் இன்னும் தொங்குகிறது.

இப்படிப்பட்ட அப்பா ஒரு படகு வாங்கக் கிளம்பினார் என்றால் எப்படி இருக்கும்?

அவர்களுடைய ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடை. சம்பா அறுவடை முடிந்துவிட்டால் வயலில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் நெடுமாறன் மற்றவர்களின் படகில் ஏறி நண்டு பிடிக்கப் போவார். அவர்கள் கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கலாம்.

"நமக்குன்னு ஒரு படகு இருந்தா நல்லாயிருக்கும். சின்னதாப் போதும், பழசாப் போதும். இஞ்சின் வேண்டாம். டீசலுக்குக் காசு கேப்பாங்க, காத்துக்கு யாரு கேக்கப் போறா?" என்றார் ஒரு நாள்.

அதைக் கேட்டதிலிருந்து கயலுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பா போய்வரும் அலையாத்திக் காட்டை அவள் பார்த்ததே இல்லை. தண்ணீருக்கு நடுவே மரங்கள் நிற்குமாம். மரத்தடியில் நண்டு ஓடுமாம். ஆனால் அடுத்தவர் படகில் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். சொந்தப் படகு வந்தால் முதல் ஆளாக அவளை ஏற்றிக்கொள்வதாக அப்பா சொல்லியிருந்தார்.

முதலில் ஒரு படகைப் பார்த்தார்கள். மிகப் பெரியது. "முதல் மாடே ஜல்லிக்கட்டுக் காளையாவா வாங்குவாங்க?" என்று அப்பா திரும்பிவிட்டார். இரண்டாவது படகில் அவர் வழக்கம் போல விலாவில் விரலால் குத்திப் பார்த்தார். விரல் பலகைக்குள்ளே போய்விட்டது. அவ்வளவு கரையான். விரலை வெளியே எடுக்கத்தான் நேரமாயிற்று.

பிறகுதான் அதிராம்பட்டினம் யூனுஸின் வத்தை பற்றிச் செய்தி வந்தது. வத்தை என்றால் பாய் கட்டி ஓட்டும் சின்ன மரப்படகு. யூனுஸ் இஞ்சின் வைத்த புதுப் படகு வாங்கிவிட்டாராம். பழையதைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். அப்பாவின் தோளில் மன்னார்குடியில் வாங்கிய புத்தம் புதுக் கயிறு ஒரு பெரிய சுருளாகத் தொங்கியது. கட்டை விரல் தடிமனில், நல்ல மாட்டுக் கயிறு.

"அது படகுங்க. மாடு இல்ல," என்றாள் அம்மா அம்சம்.

"எதுவா இருந்தா என்ன? உசிரை நம்பி ஏறப்போறோம். முறையா வாங்கணும்ல?"

அம்மா கயலைப் பார்த்து, "பல்லைப் புடிச்சுப் பாக்காம பார்த்துக்க," என்று சொல்லிச் சிரித்தாள்.

அதிராம்பட்டினத்தில், கடலிலிருந்து உள்ளே வரும் வாய்க்கால் கரையில் வத்தை நின்றது. பச்சை வண்ணம் பூசியிருந்தது. அங்கங்கே உரிந்திருந்தாலும் பார்க்க அம்சமாக இருந்தது. அதைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கயலின் வயதுதான் இருக்கும். இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் மக ஹாஃபிஸா. படகை விக்கிறேன்னு சொன்னதிலேர்ந்து என்கிட்டயே பேசுறதில்ல. நீங்க வாங்க தம்பி," என்று யூனுஸ் அவர்களை வரவேற்றார்.

அப்பா வேலையைத் தொடங்கினார். படகைச் சுற்றி வந்தார். குனிந்து அடிவயிற்றைத் தடவினார். விலாவில் ஓங்கித் தட்டினார். நல்ல கெட்டியான சத்தம். விரல் உள்ளே போகவில்லை.

"வயசு என்னண்ணே ஆச்சு?"

"என் மக பொறந்த வருசம் கட்டினது."

"சாதுவா? முட்டுமா?"

யூனுஸ் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, "கரையில முட்டாமப் பார்த்துக்கிட வேண்டியது ஓட்டுறவர் பொறுப்பு," என்றார்.

"ஓட்டிப் பார்த்துடலாமா?"

யூனுஸ் பிள்ளைகள் இருவருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். நால்வரும் ஏறினார்கள். பாயை ஏற்றியது யார் தெரியுமா? ஹாஃபிஸாதான். கயிற்றை இழுத்தாள், பாய் மேலே போயிற்று. இன்னொரு கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் தளர்த்தினாள், படகு நிமிர்ந்து ஓடியது. அதுவரை உர்ரென்று இருந்த அவள் முகம் தண்ணீருக்கு வந்ததும் மலர்ந்துவிட்டது.

"எப்படித் தெரியும் உனக்கு இதெல்லாம்?" என்று கயல் வியந்தாள்.

"இது எங்க படகு. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்றாள் ஹாஃபிஸா. உடனே 'எங்க படகு' என்று இனிமேல் சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்து, மறுபடி முகம் வாடிவிட்டது.

கயலுக்குப் பாவமாக இருந்தது. படகு தனக்கு வேண்டும். ஆனால் இவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போவது போலவும் இருந்தது.

கரைக்கு வந்ததும் பெரியவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். விலை படிந்தது. அப்பா மடியில் வைத்திருந்த பணத்தைக் கொடுத்தார். யூனுஸ் வாங்கிக்கொண்டு, "நல்லா ஓடட்டும் தம்பி," என்றார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா படகில் ஏறி, கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

முதலில் பாயைத் தூக்கி நிறுத்தும் கயிற்றை அவிழ்த்தார். பாய் தொப்பென்று யூனுஸின் தலையில் விழுந்தது.

"என்ன தம்பி பண்றீங்க?" என்று பாய்க்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"கயித்தை அவிழ்க்கிறேன்ணே. உங்க கயிறு உங்க வீட்டுலயே இருக்கட்டும். இதோட போனா உங்க வீட்டு லட்சுமியும்..." என்று தொடங்கிய அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, உங்க வீட்டு பரக்கத்தும் கூடப் போயிடும். எங்க ஊர்ல மாடு வாங்கினா இப்படித்தான்."

யூனுஸ் பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "பரக்கத்தை அல்லாஹ் கொடுப்பான். அது கயித்துலயா இருக்கு? நீங்க கயிறோட கொண்டுபோங்க."

"அது முறை இல்லண்ணே."

"கயிறில்லாமப் படகைக் கொடுக்கிறதுதான் முறை இல்ல. நடுத்தண்ணியில நின்னுட்டீங்கன்னா அந்தப் பாவம் எனக்குல்ல வரும்?"

"நான்தான் புதுக் கயிறு கொண்டாந்திருக்கேனே!"

அப்பா பாய்மரத்தைச் சாய்த்து, அதன் உச்சித் துளையில் தன் கயிற்றை நுழைத்துக் காட்டப் பார்த்தார். அது மாட்டுக் கயிறு. துளையோ சின்னது. நுனியை நாக்கால் ஈரப்படுத்தி, முறுக்கி, குத்திப் பார்த்தார். நுழைவேனா என்றது.

"எண்ணெய் போட்டா போயிடும்," என்றார் அப்பா.

"ஒரு டின் எண்ணெய் போட்டாலும் போகாது. இந்தாங்க, எங்க கயிறு!"

"வேண்டாம்ணே, நீங்க வைங்க!"

கயிற்றுச் சுருள் அவர் கையிலிருந்து இவர் கைக்கும், இவர் கையிலிருந்து அவர் கைக்கும் போய்ப் போய் வந்தது. கல்யாண வீட்டில் ஒருவர் சட்டைப்பையில் ஒருவர் மொய்ப்பணத்தைத் திணிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி.

"யானையைக் கொடுத்துட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுறவன் நான் இல்ல தம்பி," என்றார் யூனுஸ். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "எங்க கயிறு அவ்வளவு மட்டமாப் போச்சா?"

"மட்டம்னு நான் சொன்னேனா? உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

"நானும் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்!"

ஒருவர் நல்லதுக்காக ஒருவர் இவ்வளவு சண்டை போட்டுக் கயல் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து யூனுஸின் செல்பேசி மணியடித்தது. எடுத்துப் பேசினார். "ஆமாங்க... இன்னும் இங்கதான் நிக்குது... சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்று வைத்தார்.

"யாருண்ணே?"

"ரோட்டு மேல புதுசா ஓட்டல் கட்டுறவங்க. இந்தப் படகை வாசல்ல நிறுத்தி, உள்ள மண்ணைக் கொட்டி, பூச்செடி வைக்கப் போறாங்களாம். எனக்கு மனசே இல்ல. ஆனா கயிறு வேண்டாம்னு நீங்க பிடிவாதம் பிடிச்சா நான் என்ன பண்றது? கயிறில்லாம உங்களைத் தண்ணியில அனுப்ப மாட்டேன். பூச்செடிக்குக் கயிறு வேண்டாம்."

அப்பா முகம் சுருங்கியது. "அடுத்தவங்க வீட்டுக் கயித்தை நான் தொட மாட்டேண்ணே. அப்படின்னா... படகு வேண்டாம், பணத்தைக் கொடுத்துடுங்க."

கயலுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அலையாத்திக் காடு, நண்டு, தண்ணீரில் நிற்கும் மரம் எல்லாம் ஒரே சொல்லில் போய்விட்டன. அவள் விறுவிறுவென்று படகின் அந்தப் பக்கம் போனாள்.

அங்கே ஹாஃபிஸா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

"நீ ஏன் அழுவுற? படகு உங்ககிட்டதானே இருக்கப் போவுது?" என்றாள் கயல்.

"எங்ககிட்ட எங்க இருக்கு? ஓட்டல்ல பூந்தொட்டியா நிக்கப் போவுது. நீங்க வாங்கினாலாவது தண்ணியில ஓடும்னு நினைச்சேன்." ஹாஃபிஸா மூக்கை உறிஞ்சினாள். அவள் கை, படகைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றை இறுகப் பிடித்திருந்தது.

"அதை ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்க?"

"இது என்னோடது. வாப்பா கரைக்கு வந்ததும் நான்தான் ஓடிவந்து கட்டுவேன். சின்ன வயசுலேர்ந்து எனக்கு இதுதான் வேலை. மத்த கயிறெல்லாம் படகோடது. இது மட்டும் என்னோடது."

கயல் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு, அப்பாவின் கையிலிருந்த பாய்க்கயிற்றுச் சுருளைப் பார்த்தாள். கொட்டகை ஆணியில் தொங்கும் செவலையின் கயிறு நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்பா! செவலையை வித்தப்ப நாம எதை வெச்சுக்கிட்டோம்?"

"கயித்தை. உனக்குத் தெரியாதா?"

"எந்தக் கயித்தை?"

"முளையில கட்டுற கயித்தை."

"வாலை ஏம்ப்பா வெச்சுக்கல?"

அப்பா திகைத்துப் போனார். "வாலை எப்படி வெச்சுக்கிறது? வாங்கிட்டுப் போறவங்க சண்டைக்கு வர மாட்டாங்களா? வால் இல்லாம மாடு எப்படி ஈ ஓட்டும்?"

"அப்ப இது இல்லாம படகு எப்படிப்பா ஓடும்?" கயல் பாய்க்கயிற்றின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். "இது கட்டுற கயிறு இல்லப்பா. இது படகோட வால். ஹாஃபிஸா கையில இருக்கே, அதுதான் முளைக்கயிறு. அது அவங்க வீட்டுல இருக்கட்டும்."

அப்பா கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முறை ஆட்டிக்கூடப் பார்த்தார்.

கயல் யூனுஸிடம் திரும்பினாள். "மாமா, கரையில கட்டுற கயிறு இல்லாட்டி நடுத்தண்ணியில நின்னுடுவோமா?"

"நடுத்தண்ணியில அதுக்கென்ன வேலை? கரைக்கு வந்து கட்டத்தான் முடியாது."

"அதுக்குத்தான் அப்பா புதுக் கயிறு கொண்டாந்திருக்காரே!"

யூனுஸ் அப்பாவைப் பார்த்தார். அப்பா யூனுஸைப் பார்த்தார். முதலில் யூனுஸின் தாடி லேசாக ஆடியது. அப்புறம் தோள் குலுங்கியது. கடைசியில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கரையிலிருந்த கொக்கு ஒன்று பயந்து பறந்தே போய்விட்டது.

"வாலை அறுத்து என் கையில கொடுத்துட்டுப் போகப் பார்த்தீங்களே தம்பி!"

"தப்புத்தாண்ணே, தப்புத்தான்!" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாய்க்கயிறுகள் பழையபடி படகில் ஏறின. கரைக்கயிற்றை அவிழ்க்கும் வேலையை மட்டும் ஹாஃபிஸாவுக்கே விட்டார்கள். அவள் அதை நிதானமாக அவிழ்த்தாள். சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். யூனுஸ் ஓட்டல்காரரைக் கூப்பிட்டு, "படகு ஓடப் போயிடுச்சுங்க. நீங்க சிமெண்டுத் தொட்டி வாங்கிக்கங்க," என்று சொன்னார்.

"வாப்பா, ஆத்து வாய் வரைக்கும் நானும் இதுல போறேனே?" என்று ஹாஃபிஸா கேட்டாள். வாப்பாவிடம் அவள் பேசி எத்தனை நாளாயிற்று! யூனுஸால் மறுக்க முடியுமா? புதுப் படகில் தானும் பின்னாலேயே வந்து அவளை அழைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

தென்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. நெடுமாறன் சுக்கானைப் பிடிக்க, பிள்ளைகள் இருவரும் பாய்க்கயிற்றைப் பிடித்தார்கள். "இப்படி இழு... ரொம்ப இழுக்காத... ஆங், இப்ப விடு," என்று ஹாஃபிஸா சொல்லிக் கொடுத்தாள். கயிறு கையில் துடிப்பதைக் கயல் முதல் முறையாக உணர்ந்தாள். பின்னால் யூனுஸின் புதுப் படகு டடடடவென்று கத்திக்கொண்டு வந்தது.

"அதுதான் ராத்திரியில கத்துற ஜாதி," என்றார் அப்பா.

வழியில் அலையாத்திக் காடு வந்தது. மரங்கள் தண்ணீரில்தான் நின்றன. சேற்றிலிருந்து அவற்றின் வேர்கள் குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு நண்டு கயலை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒளிந்துகொண்டது. அது ஒளிந்த இடத்தையே கயல் எட்டி எட்டிப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம்.

ஆற்று வாயில் ஹாஃபிஸா தன் வாப்பாவின் படகுக்கு மாறினாள். "அடுத்த ஞாயிறு வருவேன். பாயை நனைஞ்சபடியே சுருட்டி வைக்காத!" என்று கத்தினாள்.

ஊர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு கரையில் நின்றாள். படகுக்குப் பொட்டு வைத்துவிட்டு, "முட்டுமாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"சாது," என்றார் அப்பா பெருமையாக.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் செல்பேசியில் ஒரு படம் வந்தது. யூனுஸ் வீட்டு வேப்பமரத்தில் அந்தக் கரைக்கயிறு ஊஞ்சலாகத் தொங்கியது. ஹாஃபிஸா அதில் உயர உயர ஆடிக்கொண்டிருந்தாள். "கயிறு வீட்டுலயே இருக்கு, பார்த்தியா?" என்று அப்பா படத்தை எல்லோருக்கும் காட்டினார்.

கயல் படுக்கப் போகும் முன் ஆற்றங்கரைக்கு ஒரு ஓட்டம் ஓடினாள். கரையில் அடித்த முளையில், புது மாட்டுக் கயிற்றில், படகு நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஏறிவரும் நேரம். படகு கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது.

கயல் அதன் விலாவில் செல்லமாகத் தட்டினாள். "காலையில போலாம். இப்ப பேசாமப் படு," என்றாள்.

பாய்மரத்திலிருந்து தொங்கிய கயிறு காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியது, ஈ ஓட்டுவது போல.